சுவர் காயாத குளிர்காலம்

சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். லண்டனில் 600 தேறினால் அதிகம். கணக்கைப் பார்த்தால் ஈரத்தைப் பற்றிப் புலம்ப வேண்டியவர்கள் சென்னைக்காரர்கள். ஆனால் ஐப்பசி அடைமழையில் ஊறிய சென்னைச் சுவர் மாசி வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாக உதிரத் தொடங்கிவிடும்; நவம்பரில் ஓதம் ஏறிய லண்டன் சுவர் ஏப்ரல் வரை அப்படியே நிற்கும். டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் லண்டனில் பகற்பொழுது எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. கிளாஸ்கோவில் ஏழு மணி நேரம். ஷெட்லண்ட் தீவுகளின் லெர்விக்கில் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. அந்த நேரத்திலும் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகர்ந்து, பெரும்பாலும் மேகத்துக்குப் பின்னாலேயே அஸ்தமித்துவிடுகிறது. நனைந்தது காய வழியில்லாத பருவம் அது. இருளும் மழையும் ஊதல்காற்றும் சேர்ந்த இந்த நான்கைந்து மாதங்களை வீட்டுக்குள் எப்படிக் கழிப்பது என்ற கேள்விக்கு, ஆண்டுதோறும் அக்டோபரில் இதழ்கள் இரண்டு வகையான விடைகளைத் தருகின்றன. மெழுகுவர்த்தி, கம்பளி, சூடான பானம், நல்ல புத்தகம் என்று மனத்தைத் தேற்றும் விடை ஒன்று. எந்த ஹீட்டர் வாங்கலாம், எவ்வளவு செலவாகும் என்ற விடை மற்றொன்று. இரண்டும் வேண்டியவைதாம். ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகளை அடுக்கிவைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் முன்னால் நிற்க வேண்டியது ஈரம் என்று தெரிகிறது. உலர்ந்த வீட்டில்தான் சூடு தங்கும். சூடு தங்கிய வீட்டில்தான் மனம் பற்றிய அறிவுரை எடுபடும். அப்படி உலர வைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு கட்டடத்துடையது, குடியிருப்பவரின் பழக்கவழக்கத்துக்கு அதில் பங்கு சிறிது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று, எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. மற்ற மாதங்களைவிடக் குளிர்காலத்தில் எத்தனை பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்பதை ஐரோப்பாவின் 14 நாடுகளுக்குக் கணக்கிட்டு ஹீலி என்ற ஆய்வாளர் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 1988 முதல் 1997 வரையிலான இறப்புகள் அதற்கு அடிப்படை. உறைபனி நாடான ஃபின்லாந்தில் கூடுதல் இறப்பு 10 சதவீதம். பிரிட்டனில் 18. ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் 21. எல்லாவற்றுக்கும் மேலே, ஐரோப்பாவிலேயே மிதமான குளிர்காலம் கொண்ட நாடுகளில் ஒன்றான போர்ச்சுகலில் 28. கொல்வது தட்பவெப்பம் மட்டுமே என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். குளிர்காலச் சாவுக்கு ஃப்ளூ காய்ச்சல் போன்ற தொற்றுகள்தானே காரணம், வீட்டை ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, தொற்றின் பங்கை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளூ ஃபின்லாந்துக்கும் வருகிறது. 1997இல் லான்செட் இதழில் வந்த யூரோவின்டர் ஆய்வு, மிதமான குளிர் நிலவும் பகுதிகளில் வரவேற்பறைகள் குளிர்ந்து கிடந்ததையும், மக்கள் வெளியே போகும்போது போதிய உடை அணியாததையும் கண்டது. கடுங்குளிர் நாட்டுக்காரர் வீட்டைக் குளிருக்கென்றே கட்டினார். மிதமான நாட்டுக்காரர் இரண்டு மாதம்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்கிறது. மிதமான நாடுகளின் பழைய வீடுகளில் அந்த 18 எளிதில் எட்டக்கூடிய அளவாக இல்லை.

பிரிட்டனின் வீடுகள் ஐரோப்பாவிலேயே வயது முதிர்ந்தவை. மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவை 1946க்கு முன் கட்டியவை. அவற்றில் பெரும்பகுதி உள்ளே இடைவெளி ஏதுமில்லாத ஒற்றைச் செங்கல் சுவர். நிலக்கரிக் கணப்பு எரிந்த காலத்தில் இந்தச் சுவர்கள் பிழைத்துக்கொண்டன. புகைபோக்கி வழியாக வீட்டுக் காற்று ஓயாமல் மேலே இழுபட்டது; ஜன்னல் இடுக்கு வழியாகப் புதுக்காற்று நுழைந்தது. குளிர்ந்தாலும் வீடு உலர்ந்திருந்தது. பிறகு புகைபோக்கியை அடைத்தார்கள், இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டார்கள், இடுக்குகளை மூடினார்கள், கொல்லைப்புறக் குளியலறையை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஈரம் வெளியேறும் வழிகள் அடைபட்ட அதே காலத்தில் ஈரத்தை உண்டாக்கும் வேலைகள் உள்ளே குடியேறின. இதற்கு எதிரே நார்வேயின் பெர்கன் நகரத்தை வைத்துப் பார்க்கலாம். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,250 மில்லிமீட்டர் மழை. ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் பெய்கிறது, அதுவும் கடற்காற்றோடு பக்கவாட்டில். அங்குள்ள மரவீட்டின் வெளிப்பலகை மழையை முதலில் தாங்கிக்கொள்கிறது. பலகைக்குப் பின்னால் காற்றோட்டமுள்ள ஓர் இடைவெளி. அதற்கும் பின்னால் காற்றுத் தடுப்பு. அதன் பிறகுதான் வெப்பக்காப்பு. பலகையைத் தாண்டி வரும் சொற்ப நீர் இடைவெளியிலேயே வழிந்து காய்ந்துவிடும். மழையை உள்ளே விடாமல் இருக்கவும், விட்டால் உலர்த்தவும் தனித்தனி ஏற்பாடு. மான்செஸ்டரின் செங்கல் சுவரோ ஒரே அடுக்கில் மழையையும் காற்றையும் குளிரையும் தடுத்தாக வேண்டும்.

ஆனால் சுவரில் தெரியும் ஈரமெல்லாம் மழை ஈரம் இல்லை. நால்வர் வாழும் வீட்டில் மூச்சு, வியர்வை, குளியல், சமையல், துணி உலர்த்தல் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 10 முதல் 15 லிட்டர் வரை நீராவியைக் காற்றில் கலக்கின்றன. ஒரு முறை துவைத்த துணியிலிருந்து மட்டும் ஏறத்தாழ இரண்டு லிட்டர். கிளாஸ்கோ கலைப்பள்ளியின் கட்டடச் சூழலியல் ஆய்வுப்பிரிவு அந்நகர வீடுகளை ஆராய்ந்து, காற்றில் சேரும் ஈரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளே காயப்போடும் துணியிலிருந்தே வரக்கூடும் என்று சொன்னது. இருபது டிகிரி வெப்பக் காற்று ஒரு கன மீட்டருக்கு 17 கிராம் நீராவியைத் தாங்கும்; ஐந்து டிகிரிக் காற்று ஏழு கிராமைக்கூடத் தாங்காது. ஆகவே அறைக் காற்று குளிர்ந்த பரப்பைத் தொடும் இடத்தில் நீர் பிரிந்து படிகிறது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய தம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல. இருபது டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறை யாருக்கும் ஈரமாகத் தோன்றாது. அந்த அறையிலேயே 12 டிகிரியில் இருக்கும் சுவர் மூலையில் நீர் அரும்பும். பூஞ்சைக்கு அந்த நீர்த்துளிகூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்று 80 சதவீத ஈரப்பதத்தில் நீடித்தால் போதும், அதாவது சுவர் 15 டிகிரிக்கு இறங்கினாலே போதும். அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் தலைமாட்டில், ஜன்னல் சட்டத்தின் கீழ் விளிம்பில் கரும்புள்ளிகள் முதலில் தோன்றுவதன் காரணம் இதுதான்: அறையின் வெதுவெதுப்பு போய்ச் சேராத இடங்கள் அவை. வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியை ஒரு சாண் நகர்த்திவைப்பது, கடையில் விற்கும் எத்தனையோ பூஞ்சை மருந்துகளைவிடப் பயன் தரும்.

இங்கே பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. வெளியே மழை கொட்டும்போது, ஈரம் 90 சதவீதம் என்று வானிலை அறிக்கை சொல்லும்போது, ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளே வராதா? வராது. ஐந்து டிகிரியில் 90 சதவீதம் என்றால் கன மீட்டருக்கு ஆறு கிராம்தான். அதே காற்று உள்ளே வந்து இருபது டிகிரிக்குச் சூடேறும்போது அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். குளிர்கால மழைக்காற்று, உள்ளே சூடு இருக்கும்வரை, உலர்ந்த காற்றே. கோடை மழைக்கும் நம் ஊர் வடகிழக்குப் பருவமழைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதால்தான் வெப்ப நாட்டிலிருந்து போனவர்களுக்கு இதை நம்புவது கடினமாக இருக்கிறது. காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வெளியே விடுவதா என்பது அடுத்த தடை. பிரிட்டனில் 2021-22 குளிர்காலத்தில் சராசரி வீட்டின் ஆண்டு எரிசக்திக் கட்டண உச்சவரம்பு 1,277 பவுண்டு; 2022 அக்டோபரில் அரசே தலையிட்டுக் கட்டுப்படுத்திய பிறகும் 2,500. இந்த ஏற்றத்தைக் கண்ட குடும்பம் ஜன்னலைத் தாழிட்டதில் வியப்பில்லை. ஆனால் 30 கன மீட்டர் அறையின் காற்று முழுவதையும் ஒருமுறை மாற்றி மறுபடி 15 டிகிரி சூடேற்ற 0.15 யூனிட் வெப்பம்தான் செலவாகும். எரிவாயு விலையில் ஏறத்தாழ ஒரு பென்னி. வீட்டின் சூடு பெரும்பாலும் சுவரிலும் தளத்திலும் மரச்சாமான்களிலும் இருக்கிறது, காற்றில் இருப்பது அற்பம். ஜெர்மனியில் ஜன்னலை ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுவது நாள்தோறும் செய்யும் வேலை. நாள் முழுக்க ஒருக்களித்து வைப்பதை அவர்கள் விரும்புவதில்லை, சுவர் குளிர்ந்துவிடும் என்பதால்.

அதற்காக ஜன்னலே எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்லிவிடவும் முடியாது. அந்த 30 கன மீட்டர் காற்றோடு ஒருமுறைக்கு வெளியேறுவது 140 கிராம் நீராவி. பத்து லிட்டரை அப்படி வெளியேற்ற அந்த அறையில் 70 முறை காற்றை மாற்ற வேண்டும். வேலைக்குப் போய்வரும் குடும்பத்தில் அது நடக்கிற காரியமா? ஆவி எழும் இடத்திலேயே அதைப் பிடித்து வெளியே அனுப்பும் வெளியேற்று விசிறி சமையலறையிலும் குளியலறையிலும் இருந்து, அது உண்மையில் வெளிச்சுவர் வழியாகக் காற்றைத் தள்ளவும் செய்தால்தான் கணக்கு சரியாகும். சாதம் கொதிக்கும்போது தட்டுப்போட்டு மூடுவது, சமையலறைக் கதவைச் சாத்துவது, துணியை ரேடியேட்டரின் மேல் விரிக்காமல் ஒரே அறையில் கொடி கட்டி, கதவை மூடி, ஈரம் உறிஞ்சும் மின்கருவியை ஓடவிடுவது ஆகியவை வீட்டார் செய்யக்கூடியவை. அந்தக் கருவி பற்றி ஒரு வார்த்தை: அது உறிஞ்சும் ஒவ்வொரு லிட்டர் நீருக்கும் ஏறத்தாழ 0.7 யூனிட் வெப்பம் அறைக்கே திரும்பிவிடுகிறது. செலவான மின்சாரமும் வெப்பமாக அறையிலேயே தங்குகிறது. மலிவான அறை ஹீட்டரைவிட, துணி காயும் அறைக்கு இதுவே மேல். மிகக் குளிர்ந்த அறையென்றால் கம்ப்ரெசர் வகை தடுமாறும். உறிஞ்சுபொருள் வகை வாங்க வேண்டும். தண்ணீரை ஆவியாக வீட்டுக்குள்ளேயே கக்கும் குழாயில்லாத எரிவாயு ஹீட்டரை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கக் கூடாது.

இந்த அறிவுரைகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. வீட்டு உரிமையாளர் கையில் இவையே குற்றப்பத்திரிகையாகிவிடும்: நீங்கள் ஜன்னலைத் திறப்பதில்லை, அதிகம் சமைக்கிறீர்கள், துணியை உள்ளே போடுகிறீர்கள், ஆகவே பூஞ்சை உங்களால் வந்தது. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சமூகக் குடியிருப்பு ஒன்றின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக் 2020 டிசம்பரில் இறந்தான். பூஞ்சையை நீண்ட காலம் சுவாசித்ததால் வந்த கடும் சுவாசக் கோளாறே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். தந்தை 2017 முதலே முறையிட்டிருந்தார். பெயின்ட் அடித்துக்கொள்ளும்படி சொன்னார்கள். சூடானிலிருந்து வந்த அக்குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாங்கள் ஊகங்கள் செய்துகொண்டதை அந்த வீட்டுவசதி அமைப்பே பின்னர் ஒப்புக்கொண்டது. அதற்கும் முன்பாக, 2021 அக்டோபரில், இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் ஓதம், பூஞ்சை பற்றிய தமது அறிக்கைக்கு ‘இது வாழ்க்கைமுறை அல்ல’ என்றே பெயர் வைத்திருந்தார். பழக்கம் ஓரளவு பங்களிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் குளிப்பதும் சமைப்பதும் துவைப்பதும் ஒரு வீடு எதற்காகக் கட்டப்படுகிறதோ அதற்கான வேலைகள். நால்வர் குளித்துச் சமைத்தால் தாங்காத வீடு பழுதுள்ள வீடு. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் வாடகைக்கு இருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பம் சோறு வடிப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

கட்டடத்தைத் திருத்தினால் பலன் உண்டா என்பதற்கு நியூசிலாந்து நல்ல சான்று தருகிறது. அங்கே பிலிப்பா ஹௌடன்-சாப்மனும் குழுவினரும் வருமானம் குறைந்த ஏழு பகுதிகளில் 1,350 வீடுகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்கு முன்கூட்டியே வெப்பக்காப்பு அமைத்துப் பார்த்து, முடிவை 2007இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். படுக்கையறை வெப்பம் கூடியது அரை டிகிரிதான். ஈரப்பதம் குறைந்தது 2.3 சதவீதப்புள்ளி. இவ்வளவு சின்ன மாற்றத்துக்கே மூச்சிரைப்பும், குழந்தைகள் பள்ளிக்குப் போகாத நாட்களும் குறைந்ததாக வீட்டார் தெரிவித்தார்கள். எரிசக்திச் செலவு மற்ற வீடுகளில் ஆனதில் 81 சதவீதமே. இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று பிரிட்டனிலேயே உண்டு. அரசுத் திட்டங்களில் வெளிச்சுவருக்கு வெப்பக்காப்பு ஒட்டிய வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்தே தீர வேண்டிய பெரும் குறைகள் இருப்பதாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் மதிப்பிட்டது. உட்சுவர் வேலையில் 29 சதவீதம். விளிம்பில் அடைப்பில்லாத காப்புப் பலகைக்குப் பின்னால் காற்றோடு வரும் மழை இறங்கினால், அது வெளியேற வழி தெரியாமல் வீட்டுக்குள் கசிகிறது. மேற்குக் கடற்கரையில் காற்றும் மழையும் நேராக மோதும் வீடுகளில் இந்த வேலை சாண் பிசகினாலும் முழம் கெடும். ஆனால் இது வெப்பக்காப்புக்கு எதிரான சான்று ஆகாது; சுவர் எப்படிக் காயும் என்று யோசிக்காமல் காப்பை ஒட்டியதற்கு எதிரான சான்று. நீர் போக வழி, காற்று போக வழி, அதன் பிறகு கம்பளிப் போர்வை என்ற வரிசை பிசகியது.

இனி இருள். நார்மன் ரோசெந்தாலும் கூட்டாளிகளும் 1984இல் பருவகால மனச்சோர்வை ஒரு நோயாக விவரித்தது முதல், காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அமர்வது அறிந்த சிகிச்சையாகிவிட்டது. சந்தேகிப்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் 34,294 பேரின் விவரங்களை வைத்து 2016இல் வந்த ஆய்வு, மனச்சோர்வுக்கும் பருவத்துக்கும் தொடர்பே தெரியவில்லை என்றது. ஒரு சிலரைக் கடுமையாகத் தாக்கும் நோய், பல்லாயிரம் பேரின் சராசரியில் தெரியாமல் போகலாம். இரண்டு முடிவுகளும் சேர்ந்தே உண்மையாக இருக்க இடமுண்டு. சூரியனே உதிக்காத வாரங்களைக் கொண்ட, நார்வேயின் டிராம்சோ நகரத்துக்குப் போய் ஆராய்ந்த உளவியலாளர் காரி லெய்போவிட்ஸ், வடக்கே போகப்போக மக்கள் குளிர்காலத்தை உவப்போடு நோக்குவதாகக் கண்டார். இதை வைத்து, மனப்பாங்கை மாற்றினால் குளிர்காலம் இனிக்கும் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த உவப்பு எந்த வீட்டில் அமர்ந்து பிறந்தது என்பதையும் எழுத வேண்டும். கனத்த வெப்பக்காப்பும் பலகண்ணாடி ஜன்னலும் விறகு அடுப்பும் உள்ள நார்வே வீட்டில் மெழுகுவர்த்தி அழகு. பதினான்கு டிகிரியில் பூஞ்சை வாடை வீசும் அறையில் அதே மெழுகுவர்த்தி இன்னும் கொஞ்சம் ஈரத்தையும் புகையையும் சேர்க்கும். இருளுக்கு மலிவான மருந்து வெளியே இருக்கிறது. வீட்டு விளக்கொளி 100 முதல் 300 லக்ஸ். மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். மழைச்சட்டை போட்டுக்கொண்டு மதியத்தில் நடப்பவருக்குப் பாதி சிகிச்சை முடிந்தது. வைட்டமின் டி மட்டும் அந்த நடையில் கிடைக்காது. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை பிரிட்டனின் வெயிலில் அதற்கான கதிர் போதாது. எல்லோரும் அம்மாதங்களில் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்றும், கருநிறத் தோல் கொண்டவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கலாம் என்றும் அரசு அறிவுறுத்துகிறது. தமிழ் வீடுகளுக்கு இது நேரடியாகச் சொன்ன செய்தி.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அதன் கொடுமை சில நாட்களுக்குத்தான். 2021 நவம்பரில் பிரிட்டனில் வீசிய ஆர்வென் புயலில் ஏறத்தாழ பத்து லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன. சுமார் 4,000 வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேல் இருளில் கிடந்தன. 2025 ஜனவரியில் இயோவின் புயல் அயர்லாந்தில் மணிக்கு 183 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. மின்சாரம் போனால் எரிவாயு பாய்லரும் நின்றுவிடும், அதன் விசைக்குழாய் மின்சாரத்தில் ஓடுவதால். வீட்டுத் தொலைபேசியும் இப்போது இணையத்தோடு இணைந்துவிட்டதால் அதுவும் ஊமையாகும். டார்ச், நிரம்பிய பவர்பேங்க், பிரிட்டனில் மின்தடைக்கான 105 என்ற எண் எழுதிய தாள், பிளாஸ்கில் வெந்நீர், எல்லோரும் ஒரே அறையில் தூங்கும் ஏற்பாடு ஆகியவை போதும். கரியடுப்பையோ பார்பெக்யூவையோ எக்காரணம் கொண்டும் உள்ளே கொண்டுவரக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ராச்டேல் குழந்தையின் பெயராலேயே வழங்கும் அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீட்டுவசதிக்கு நடைமுறைக்கு வந்துள்ளது. உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடிப் பேராபத்தான குறை என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை. குறிப்பிடத்தக்க ஓதமும் பூஞ்சையும் என்றால் பத்து வேலைநாட்களில் ஆய்வு, ஆய்வு முடிந்த ஐந்து வேலைநாட்களில் ஆபத்தை நீக்குதல். வீட்டுக்காரர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இனி குடித்தனக்காரரின் சமையல் பற்றியதாக இருக்க முடியாது என்பதே இச்சட்டத்தின் பெரிய ஆதாயம். தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் இடம் வைத்திருக்கிறது. அது வரும்வரை தனியாரிடம் வாடகைக்கு இருப்பவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. வாழத் தகுதியற்ற வீட்டுக்காக உரிமையாளரை நீதிமன்றத்துக்கு இழுக்க 2018ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. பத்துப் பவுண்டுக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கி, காலையும் இரவும் அறையின் வெப்பத்தையும் ஈரத்தையும் தேதியோடு குறித்துவையுங்கள். சுவரைப் படம் எடுத்துவையுங்கள். முறையீட்டை எழுத்தில் அனுப்புங்கள். ஜன்னலைத் திறக்கச் சொல்லி மட்டும் பதில் வந்தால், அந்தக் குறிப்பேட்டோடு உங்கள் உள்ளாட்சி மன்றத்தின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போங்கள். வாடகை வீட்டை நேரில் ஆய்வு செய்யவும், பழுதுபார்க்கும்படி உரிமையாளருக்கு உத்தரவிடவும் அவர்களுக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டு.